கோவாவில் இரவு பத்து மணிக்கு முன்னால்

கோவாவுக்குப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாட்டுக் கேட்க ஆசை இருந்தால் ஏழரை மணிக்கெல்லாம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிடுங்கள். நம் ஆட்கள் பெரும்பாலும் இருட்டும் வரை பீச்சில் இருந்துவிட்டு, அறைக்குப் போய்க் குளித்து, ஒன்பதரைக்கு மேல்தான் கிளம்புகிறார்கள். அதற்குள் எல்லாம் முடியப்போகிற நேரம் வந்துவிடும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. நாடு முழுவதற்கும் உள்ள விதிதான் இது. பண்டிகை, விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாள் நள்ளிரவு வரை தளர்த்தலாம். கடற்கரைக் குடில்களும் தோட்டத்து உணவகங்களும் திறந்த வெளியில் இருப்பதால், அங்கே பாடுகிறவர்கள் பத்து மணிக்கு ஒயரைச் சுருட்டிவிடுவார்கள். மீறுகிற இடங்களும் உண்டு. தூக்கம் கெட்ட ஊர்க்காரர்கள் கோர்ட் வரைக்கும் போயிருக்கிறார்கள். பத்துக்கு மேல் ஆட்டம் பாட்டமெல்லாம் கதவடைத்த கிளப்புகளுக்குள்தான். அங்கே அநேகமாக டிஜே.

நாங்கள் தங்கியது காண்டோலிமில். சாலையோரம் மாமரங்களுக்குக் கீழே ஒரு உணவகம். அறுபதைத் தாண்டிய ஒருவர் கிடார் வாசித்துக்கொண்டே பாடினார், அவர் மகள் கீபோர்டு. பழைய ஆங்கிலப் பாட்டு, கொஞ்சம் கிஷோர் குமார், நடுநடுவே லோர்னா பாடிப் புகழ்பெற்ற கொங்கணிப் பாட்டுகள். லோர்னா பாட்டு தொடங்கியதும் பக்கத்து மேஜையில் இருந்த உள்ளூர்க் குடும்பத்துப் பாட்டி எழுந்து பேரன் கையைப் பிடித்துக்கொண்டு ஆட ஆரம்பித்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை, யாரும் கைதட்டி உசுப்பேற்றவும் இல்லை.

என் மனைவி ஒரு தமிழ்ப் பாட்டுக் கேட்டாள். அவருக்குத் தெரியாது. "நீங்க பாடிக் காட்டுங்க, நான் பிடிச்சுக்கறேன்" என்றார். அவள் பல்லவியை மெதுவாகப் பாட, இரண்டாம் தடவையே கிடாரில் கார்டு (chord, சேர்த்து மீட்டும் சுரங்கள்) எல்லாம் சரியாக விழுந்தது. மூன்றாம் தடவை மகள் இடையிசையே சேர்த்துவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் மேடையில் பாடியவள் என் மனைவி. அப்புறம் வீடு, வேலை, குழந்தை என்று அது அப்படியே நின்றுபோயிருந்தது. அன்றைக்கு மைக்கைப் பிடித்து இரண்டு சரணமும் முழுதாகப் பாடினாள். நானும் எங்கள் பையனும் அவள் மேடையில் பாடிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இடைவேளையில் அவரிடம் போய்ப் பேசினேன். எல்லாரும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். தெரியாத பாட்டை எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, "சின்ன வயசுல சர்ச்சுல மேஸ்த்ரிகிட்ட அடி வாங்கிக் கத்துக்கிட்டது" என்றார். மேஸ்த்ரி என்றால் அங்கே பாட்டு வாத்தியார். போர்த்துகீசியர் ஆட்சியில் தேவாலயங்களை ஒட்டிப் பங்குப் பள்ளிகள் நடந்தன. அங்கே பிள்ளைகளுக்கு வயலினும், இசைக் குறிப்பைப் பார்த்துப் பாடுவதும் கற்றுக்கொடுத்தார்கள். கோவா 1961 டிசம்பரில் இந்தியாவோடு சேர்ந்தது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இப்படிப் படித்தவர்கள் பம்பாய்க்குப் பிழைக்கப் போய் ஹோட்டல் மேடைகளையும் இந்திப் பட ஆர்க்கெஸ்ட்ராக்களையும் நிரப்பினார்கள். அல்டோனா ஊர்க்காரரான சிக் சாக்லேட் தாஜ் ஹோட்டலில் ட்ரம்பெட் வாசித்துப் பேர் வாங்கியவர். இந்திப் பட இசையமைப்பாளர்கள் சங்கர்-ஜெய்கிஷனின் பாட்டுகளுக்கு இசைக்கோர்ப்பு செய்தவர் செபாஸ்டியன் டிசோசா. மஜோர்டாவைச் சேர்ந்த அந்தோணி கொன்சால்வஸ், இந்தி இசையமைப்பாளர் பியாரேலாலுக்கு வயலின் குரு. அமிதாப் பச்சன் அந்தப் பெயரைச் சொல்லிப் பாடி ஆடிய 1977ஆம் ஆண்டு 'அமர் அக்பர் அந்தோணி' பாட்டில் இருப்பது, அதற்கு இசையமைத்தவர்களில் ஒருவரான அந்தச் சீடன் குருவுக்குச் செய்த மரியாதை. இந்தப் பரம்பரையில் வந்த ஒருவர் நாம் மீன் வறுவல் சாப்பிடும்போது ஐந்தடி தள்ளி உட்கார்ந்து பாடுகிறார். நாமோ முதுகைக் காட்டிக்கொண்டு போனை நோண்டிக்கொண்டிருக்கிறோம். இது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் மனதில் தங்கிவிட்டது. முன்பு அவருடைய குழுவில் ஐந்து பேராம். டிரம்ஸ், பேஸ் கிடார், ட்ரம்பெட் எல்லாம் உண்டு. இப்போது உணவகக்காரர்கள் ஒருவருக்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள். மற்ற வாத்தியமெல்லாம் லேப்டாப்பிலிருந்து வருகிறது, அதை மைனஸ் ஒன் என்கிறார்கள். "அந்த ட்ரம்பெட் ஆள் எங்கே?" என்று கேட்டேன். "முழு பேண்ட் பார்க்கணும்னா ஞாயிற்றுக்கிழமை மட்காவ் போங்க, தியாத்ர் பாருங்க" என்றார்.

போனோம். மட்காவ் ரவீந்திர பவனில் கூட்டம் முழுக்க உள்ளூர்க்காரர்கள், குடும்பம் குடும்பமாக. எங்களைத் தவிர சுற்றுலா வந்தவர்கள் யாரும் என் கண்ணில் படவில்லை. தியாத்ர் என்பது கொங்கணி நாடகம். முதல் தியாத்ர் நடந்தது பம்பாயில், 1892 ஏப்ரல் 17 அன்று. இன்றும் கோவாவில் டிக்கெட் வாங்கி ஜனங்கள் அதைப் பார்க்கிறார்கள். மேடைக்குக் கீழே முன்பக்கத்தில் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்: டிரம்ஸ், பேஸ், கீபோர்டு, சாக்ஸபோன், ட்ரம்பெட். லேப்டாப் இல்லை.

கதை ஒரு குடும்பச் சொத்துத் தகராறு என்ற அளவுக்குப் புரிந்தது. ஆனால் காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே திரையை இறக்கிவிட்டு அதற்கு முன்னால் நின்று பாடுகிறார்களே, காந்தார் என்று, அங்கேதான் அரங்கம் பொங்கியது. அந்தப் பாட்டுக்கும் கதைக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. ஒருவர் வந்து கேசினோக்களைப் பற்றிப் பாடினார். இன்னொருவர் ஊர் நிலத்தை வெளியாட்களுக்கு விற்பதைப் பற்றி. மந்திரியானாலும் விட்டுவைப்பதில்லை. பக்கத்து இருக்கைக்காரர் வரிக்கு வரி எங்களுக்கு இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தார், நல்ல மனிதர். கடைசி அடி வந்ததும் ட்ரம்பெட் உச்சத்துக்கு ஏற, கூட்டம் விசிலடித்து மறுபடியும் பாடச் சொல்ல, பாடகர் கூடுதலாக ஒரு சரணத்தோடு திரும்பி வந்தார். சுடச்சுட அரசியல், சுடச்சுட இசை. கோவா இரவுகளில் நான் பார்த்ததிலேயே உயிருள்ள மேடை இதுதான் என்பேன். தயவுசெய்து போய்ப் பாருங்கள், மொழி தெரியாதே என்று தயங்காதீர்கள்.

பனாஜியில் மாண்டவி ஆற்றுப் படகு சவாரிக்கும் போனோம். ஒரு மணி நேரத்தில் பாதி, "குழந்தைகள் வாங்க, ஜோடிகள் வாங்க" என்று கூப்பிட்டு ஆடவைப்பதிலேயே போய்விடுகிறது. நடுவில் கொஞ்ச நேரம் தெக்ணி என்ற கோவா ஆடல் பாடல், அப்புறம் போர்த்துகீசிய நாட்டுப்புற நடனம். ஆடிய பெண்கள் அருமை. முன் வரிசையில் இடம் பிடித்தால்தான் காலடி தெரியும். கூமட் என்ற மண்பானை வாத்தியத்தையும் அந்தப் பயணத்தில்தான் கிட்டத்தில் பார்த்தேன். நம் கஞ்சிராவைப் போல இதற்கும் முன்பு உடும்புத் தோல்தான், இப்போது ஆட்டுத் தோல். 2019இல் கோவா அரசு இதை மாநிலத்தின் பாரம்பரிய வாத்தியமாக அறிவித்தது.

பாகா பக்கத்துக் கிளப்புகளைப் பற்றிக் கேட்பீர்கள். ஒரு கிளப் வாசலில் சொன்ன கட்டணம் ஒன்று, உள்ளே போனதும் கேட்டது வேறு. திரும்பி வந்துவிட்டோம். இளைஞர்களுக்கு அது பிடிக்கலாம், அதில் தப்பில்லை. ஒன்றே ஒன்று: உள்ளே நுழைந்ததும் வெளியேறும் வழி எங்கே, எத்தனை வழி என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2025 டிசம்பரில் அர்போராவில் ஒரு இரவு விடுதியில் தீப்பிடித்து 25 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலை செய்தவர்கள். குடித்திருந்தால் வண்டியைத் தொடாதீர்கள், இருட்டில் கடலில் இறங்காதீர்கள். திரும்பி வர வண்டியை முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது. ராத்திரியில் டாக்சிக்காரர்கள் சொல்வதுதான் விலை.

தெற்கே பாலோலெமில் பத்து மணி விதிக்கு வேறு வழி கண்டுபிடித்தார்கள்: ஆளுக்கொரு ஹெட்போன். எல்லாரும் ஆடுவார்கள், வெளியே சத்தமே இருக்காது. என் அக்கா மகன் போய்வந்து ஆஹா ஓஹோ என்றான். எனக்கு அதில் பெரிய ஆர்வம் வரவில்லை.

காண்டோலிம் அங்கிள் மாதிரியானவர்கள் பாடும் இடத்துக்குப் போனால் பிடித்த பாட்டைக் கேளுங்கள், முடிந்ததும் கைதட்டுங்கள். கிடார் பெட்டி திறந்திருந்தால் பணம் போடுங்கள், அல்லது நேராகக் கையில் கொடுங்கள். பில்லில் சேர்க்கும் சர்வீஸ் சார்ஜ் தனக்கு வருவதில்லை என்றார் அவர். அவர் மகளுக்கும் தனிச் சம்பளம் கிடையாது. அப்பா தனியாக வாசிக்கக் கூடாது என்று அவளாகத்தான் வருகிறாள்.

குடில்கள் மழைக்காலத்தில் கிடையாது. மழை ஓய்ந்தபின் கட்டுவார்கள், மே கடைசிக்குள் பிரித்துவிடுவார்கள். அதனால் அடுத்த தடவை ஜனவரியில் போவதாக இருக்கிறோம், இந்த முறை கோல்வா, பெனாலிம் பக்கம். அங்கே இன்னும் ட்ரம்பெட்டோ சாக்ஸபோனோ ஆள் உட்கார்ந்து வாசிக்கிற இடம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.