6 வோல்ற்று பீட்டிலை 12 வோல்ற்றுக்கு மாற்றுவது பற்றி

கல்லடிவாசி கேட்டது:

வணக்கம். தகப்பனார் விட்டுச்சென்ற 1962ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் என்னிடம் இருக்கிறது. எஞ்சினில் குறையில்லை, ஆனால் மாரி மழையில் கல்முனையிலிருந்து இரவு திரும்பும்போது முகப்பு விளக்குகள் குப்பி விளக்குப் போல எரிகின்றன, வைப்பரையும் போட்டுவிட்டால் அந்த வெளிச்சமும் சிவந்துபோகிறது. காலையில் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துத்தான் சுழல்கிறது. பற்றரி, மின்குமிழ்கள், கொயில் ஆகியவற்றை மட்டும் 12 வோல்ற்றுக்கு மாற்றினால் அரை நாளில் வேலை முடியும், வயரில் கை வைக்கவே வேண்டாம் என்று கராஜ் பாஸ் ஒருவர் சொல்கிறார். சரிதானா?

சம்மாந்துறை வயர்மன்:

வயரைப் பற்றி அவர் சொன்னது சரி, தம்பி. 45 வாற்று மின்குமிழ் 6 வோல்ற்றில் ஏழரை அம்பியர் இழுக்கும்; 12 வோல்ற்றில் அதே வாற்றுக்கு அதில் பாதி போதும் என்பதால் பழைய தடித்த வயர் தாராளமாகத் தாங்கும். ஆனால் அந்தப் பற்றரிக்குச் சார்ஜ் எங்கிருந்து வரும் என்பதை அவர் சொல்லவில்லையே! வோல்ற்றளவைக் கட்டுப்படுத்தும் பழைய ரெகுலேட்டர், ஓடும்போது மின்சாரம் தரும் டைனமோவை ஏழு வோல்ற்றுச் சொச்சத்திலேயே பிடித்து வைத்திருக்கும். அதைக் கொண்டு 12 வோல்ற்றுப் பற்றரியைச் சார்ஜ் செய்யவே முடியாது; சில நாள் ஓடிவிட்டு வழியில் நிற்பீர்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். எஞ்சினைச் சற்று விரைவாக ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, பற்றரி முனைகளிலும் விளக்குச் சொக்கற்றிலும் மீற்றர் வைத்துப் பாருங்கள். விளக்குக்குப் போகும் வோல்ற்றளவு பத்திலொரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்துவிடும். ஸ்டார்ட்டருக்குப் போகும் கேபிளையும் கவனியுங்கள். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் 12 வோல்ற்றுக்கான மெல்லிய கேபிள், அதை 6 வோல்ற்றுக் காருக்குப் போட்டால் ஸ்டார்ட்டர் முக்கத்தான் செய்யும்.

கல்லடிவாசி:

அளந்தேன், நானா. பற்றரியில் 6.9, விளக்கில் 5.3. பின் இருக்கைக்குக் கீழே பற்றரியைக் காரின் உடலோடு இணைக்கும் எர்த் பட்டியைக் கழற்றியபோது, பின்னல் முழுவதும் பச்சைக் களிம்பு ஏறி, கையில் பிடித்ததும் மாவாக உதிர்ந்தது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே வீடு, உப்புக்காற்று வேறு என்ன செய்யும். புதுப் பட்டி போட்டு, விளக்கின் எர்த் திருகுகளையும் அரத்தாள் கொண்டு தேய்த்த பிறகு விளக்கில் 6.4 காட்டுகிறது.

அக்கரைப்பற்று பழையவண்டி:

நான் இதே மாதிரியை முழுமையாக 12க்கு மாற்றியவன். மங்கலான விளக்குக்காக அல்ல, 6 வோல்ற்றுப் பற்றரி தேடி அலுத்துப்போனதால் மாற்றினேன்; கடையில் கேட்டால் மோட்டார் சைக்கிள் பற்றரியை எடுத்துக் காட்டுகிறார்கள். 12 வோல்ற்று டைனமோ பொதுவாக 105 மில்லிமீற்றர் விட்டம் கொண்டது, உங்களுடையது 90. ஆகவே அது உட்காரும் ஸ்டேண்டையும் மாற்ற வேண்டும், கூடவே ரெகுலேட்டரையும். எஞ்சினைப் பிடித்திருப்பவை நான்கு போல்ற்றுகள்தான், எளிதில் இறக்கலாம் என்றாலும், ஸ்டார்ட்டர் பிடித்துச் சுழற்றும் பற்சக்கரமான பிளைவீலைத் தொடாதீர்கள். 6 வோல்ற்றுக்குரியதில் 109 பல், 12க்குரியதில் 130 பல். பெரியது உள்ளே போக கியர்பெட்டி உறையையே செதுக்க வேண்டும். பழைய ஸ்டார்ட்டரே 12 வோல்ற்றில் சீறிக்கொண்டு சுழலும், நீண்ட நேரம் அழுத்திப் பிடிக்காமல் விட்டு விட்டு அடித்தால் போதும்.

எல்லாரும் மறப்பது, குளிர்ந்த எஞ்சினைத் தொடக்க உதவும் கார்புரேற்றரின் தானியங்கிச் சோக்கை. அதன் சூட்டுச் சுருளுக்கு இரட்டை வோல்ற்று கொடுத்தால் நான்கு மடங்கு வெப்பம் எழும்; 12 வோல்ற்றுச் சுருள் போட்டே ஆகவேண்டும். வைப்பர் மோட்டார், சிக்னல் ரிலே, றேடியோ ஆகியவற்றையும் பாருங்கள். பெற்றோல் மானி உங்கள் காரில் கேபிளால் இயங்குவது, அதற்கு மின்சாரமே தேவையில்லை. இன்னொன்று: றேடியோவுக்கு மட்டும் 6 வேண்டுமென்று 12 வோல்ற்றுப் பற்றரியின் நடுவிலிருந்து வயர் எடுக்காதீர்கள். ஒரு பாதி எப்போதும் கூடுதலாக இறங்கி, பற்றரி விரைவில் கெட்டுவிடும்.

கல்லடிவாசி:

மிக்க நன்றி, ஐயா. இந்த மாரியை 6 வோல்ற்றிலேயே கழிக்கத் தீர்மானித்துவிட்டேன். நேற்றிரவு காத்தான்குடி வரை போய்வந்தேன், வைப்பரைப் போட்டும் வீதியோரத்து வெள்ளைக் கோடு தெரிந்தது. ஸ்டார்ட்டர் கேபிளைக் கழற்றிப் பார்த்தால், நானா சொன்னபடியே எப்போதோ யாரோ மெல்லியதைப் போட்டிருக்கிறார்கள். தடித்த கேபிள் வாங்க நாளைக்கு ரவுனுக்குப் போகிறேன்.