‘அந்தப் பக்கம்’ போன எங்கள் வீட்டுக் குப்பை

கொழிஞ்சாம்பாறை மருமகள்:

பொள்ளாச்சியில் பிறந்து, எல்லைக்கு அந்தண்டை கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் வாழ்க்கைப்பட்டுப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. பால்காரர் முதல் பள்ளிக்கூடம் வரை இங்கே தமிழே போதும் என்பதால், மாநிலம் மாறிவிட்டோம் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை. வந்தது குப்பை விஷயத்தில்தான்.

முன்பெல்லாம் மாதம் இருமுறை ஒரு குட்டி லாரி வரும். நூறு ரூபாய் கொடுத்தால் எதையும் கேட்காமல் அள்ளிக்கொள்ளும். மீன் செதில், கிழிந்த பாய், உடைந்த டியூப்லைட் எல்லாம் ஒரே மூட்டையில். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். ஓட்டுநர் மோவாயைக் கிழக்கே நீட்டி, “அந்தப் பக்கம்” என்றார். அந்தப் பக்கம் என்றால் என் அப்பா வீடு இருக்கிற பக்கம். அன்று எனக்கு உறைக்கவில்லை.

பொங்கலுக்குப் பிறந்த வீட்டுக்குப் போகும்போது, எல்லையிலிருக்கும் கோபாலபுரம் தாண்டி ஒரு தென்னந்தோப்பை ஒட்டிய பள்ளத்தை பஸ் ஜன்னல் வழியே பார்த்தேன். வாய்பிளந்த மூட்டைகள், கிளறும் நாய்கள், மலையாள எழுத்துப் பால் கவர்கள். எங்கள் வீட்டுக் கவர்தான் என்று சத்தியம் செய்ய முடியாது. இல்லை என்றும் செய்ய முடியாது. அப்பாவிடம் இதை நான் சொல்லவே இல்லை.

2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் குப்பைமேடு பற்றிக்கொண்டு பத்து நாளுக்கு மேல் புகைந்தது நினைவிருக்கும். அதன் பிறகுதான் எங்கள் பஞ்சாயத்திலும் கெடுபிடி வந்தது. வீடுவீடாகக் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதம் ஒருமுறை வாசலுக்கு வருவார்கள். பெரும்பாலும் குடும்பஸ்ரீ என்ற கேரள மகளிர் குழுக்களைச் சேர்ந்தவர்கள். சுவரில் ஒட்டிய கியூஆர் வில்லையைக் கைப்பேசியில் பிடித்து, ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு, மக்காத குப்பையை மட்டும் எடுத்துச் செல்வார்கள்.

முதல் மாதம் வந்த சேச்சி என் மூட்டையைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கழுவிக் காயவைத்துத் தந்தால்தான் எடுப்பேன் என்றார். “காசும் கொடுத்து, குப்பையைக் குளிப்பாட்டியும் கொடுக்க வேண்டுமா?” என்று மாமியார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். சேச்சி கோபப்படவில்லை. கொட்டகையில் இதையெல்லாம் கையால்தான் தரம் பிரிக்கிறோம் அம்மா, குழம்பு ஒட்டிய ஒரு கவர் போதும், சாக்கு முழுவதும் புழு என்றார். மாமியார் வாயடைத்துப்போனதை நான் பார்த்தது அபூர்வம். இப்போது எங்கள் கொல்லைக் கொடியில் வேட்டிக்கும் சேலைக்கும் நடுவே பால் கவர்கள் கிளிப் போட்டுத் தொங்குகின்றன.

இப்படிச் சேரும் பிளாஸ்டிக்கில் மறுசுழற்சிக்கு உதவாத ஒரு பகுதியைத் துருவித் தாரோடு கலந்து சாலை போடுகிறார்கள். அந்த முறையைக் கொண்டுவந்த மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவனுக்கு 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சேச்சியிடம் இதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஈரக் குப்பைதான் பெரும்பாடு. அதை உரமாக்க எட்டு அங்குலப் பிவிசி குழாய் இரண்டு வாங்கி, ஒரு அடி மண்ணுக்குள் இறக்கி நட்டோம். மூன்றே வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். தப்பு என்னுடையது. புளித்த மோர், வடிகஞ்சி என்று அத்தனையையும் ஊற்றியிருக்கிறேன். தண்ணீர் நிறைந்தால் காற்றுக்கு இடமில்லை. மக்க வேண்டியது அழுகுகிறது. நீரை வடித்துவிட்டு, ஒரு கை கழிவுக்கு இரண்டு கை காய்ந்த சருகு அல்லது தென்னைநார்த் தூள் போடச் சொன்னார் ஜன்னலைச் சாத்திய அதே அக்கா. நார்த்தூளுக்கு இந்த ஊரில் பஞ்சமா? பத்து நாளில் நாற்றம் நின்றது. ஒரு குழாய் நிரம்பியதும் மூடிவிட்டு அடுத்ததற்குப் போகிறோம். அது நிரம்புவதற்குள் முதல் குழாய் உரமாகிவிடுகிறது. ஈரம் வெளியே போன பிறகு மிச்சமிருப்பதைக் குப்பை என்று சொல்லவே மனம் வரவில்லை.

நகரித் தறி:

எங்கள் பக்கம் ஆந்திர அரசு வீட்டுக்கு மூன்று கூடை கொடுத்தது. பச்சை ஈரக் கழிவுக்கு, நீலம் உலர் கழிவுக்கு, சிவப்பு ஆபத்தானவற்றுக்கு. இவ்வளவு நல்ல கூடையில் யாராவது குப்பை போடுவார்களா என்று பாட்டி நீலத்தில் அரிசியும் சிவப்பில் கோலமாவும் கொட்டிவைத்தார். குப்பை வழக்கம்போல் தெருமுனையில் எரிந்தது. பழைய ஒயர், குழாய்த் துண்டு எல்லாம் சேர்ந்து. பிவிசி எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு வரும் என்று நான் சொன்னபோது, கொசு போகிறதே என்றார்கள். தாத்தாவுக்கு இழுப்பு வந்து இரண்டு இரவு உட்கார்ந்தே தூங்கிய பிறகுதான் எங்கள் வீட்டில் நெருப்பு வைப்பது நின்றது. சிவப்புக் கூடையில் இன்றும் கோலமாவுதான்.

புளியரைக்காரன்:

தங்கை சொன்ன ‘அந்தப் பக்கம்’ நான் இருக்கிற பக்கம், அதனால் எழுதுகிறேன். தென்காசி மாவட்டத்தில், கேரள எல்லைச் சோதனைச் சாவடியிலிருந்து எட்டிப்பார்க்கும் தூரத்தில் வீடு. சித்தப்பாவின் தரிசு நிலத்தில் ஓர் அதிகாலை பதினோரு மூட்டைகள் கிடந்தன. ஆடு ஒன்று கவரோடு சேர்த்து மென்றுகொண்டிருந்தது. குச்சியால் கிளறினோம். குளுக்கோஸ் குழாய், ஊசி, அவற்றோடு சாதாரண வீட்டுச் சோறும் வாழையிலையும். ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. சித்தப்பாவே குழி வெட்டினார், மூன்று நாள் கூலி தண்டம்.

2024 டிசம்பரில் திருநெல்வேலியில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் மருத்துவக் கழிவு கொட்டப்பட்டபோது மட்டும்தான் கதை வேறு மாதிரி முடிந்தது. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட, கேரளத்திலிருந்தே லாரிகள் வந்து அள்ளிச் சென்றன. சித்தப்பா தொலைக்காட்சியில் அதைப் பார்த்துவிட்டு, “நமக்கு மட்டும் அப்போது லாரி வரவில்லையே” என்றார்.

ஒன்று கேட்க வேண்டும். குழந்தை டயப்பரை என்ன செய்கிறீர்கள்? அந்தப் பதினொன்றில் நான்கு மூட்டை அதுதான்.

கொழிஞ்சாம்பாறை மருமகள்:

அண்ணா, படித்ததும் சாப்பாடு இறங்கவில்லை.

டயப்பரைச் சேச்சி எடுப்பதில்லை. குழாயிலும் போட முடியாது. நாத்தனார் மகள் பிறந்து எட்டு மாதம். பகல் முழுவதும் பழைய வேட்டித் துணி, இரவுக்கு ஒன்று. அந்த ஒன்றைக் கொல்லைக் கோடியில் குழி தோண்டிப் புதைக்கிறோம். போன வாரம் தென்னைக்கு உரம் வைக்க வெட்டியபோது, ஆறு மாதத்துக்கு முன்பு புதைத்தது உப்பி, புதைத்தபடியே வெளியே வந்தது. வேறு வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.