கய்மென் கிரிகாயே: கோட்டை விட்ட இடம் எது?

தொசாய்லைன்:
ஜப்பானில் நம் ஊர் லைசென்ஸை அந்த நாட்டு லைசென்ஸாக மாற்றும் முறை (அதுதான் கய்மென் கிரிகாயே) இங்கே எல்லாருக்கும் தெரியும், அதை யாரும் திரும்ப எழுத வேண்டாம். ஊரில் பத்து வருஷம் ஓட்டியவர்கள் இங்கே மூன்றாவது, நான்காவது தடவையாக வரிசையில் நிற்கிறார்களே, எந்த நொடியில் விழுந்தது? ஆளுக்கு ஒரு இடம் சொன்னால் போதும்.

என் கணக்கில் முதலிடம் நிறுத்தக் கோட்டுக்கு. தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம், நடுவில் 'தொமாரே', அதாவது 'நில்'. அங்கே நிற்க வேண்டும் என்று தெரியாதவர் கிடையாது. ஆனால் நம் அகராதியில் நிற்பது என்றால் ஊர்ந்துகொண்டே இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஆள் இல்லையென்றால் போய்விடுவது. எக்ஸாமினர் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, சக்கரம் உருளுகிறதா என்று பார்க்கிறார். முழுசாக நிற்க வேண்டும். முன் பம்பர் கோட்டுக்கு மேல் வந்து நின்றாலும் நிற்காத கணக்குதான். தேர்வு அங்கேயே முடிந்தது. அதற்குப் பிறகு ஓட்டுவது வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய் விடுவதற்கு மட்டும்.

ஏன் தாண்டுகிறது? கோடு பானெட்டுக்குக் கீழே மறைந்ததும் 'வந்துவிட்டோம்' என்று சிலர் சட்டென்று பிரேக்கை மிதிக்கிறார்கள். அப்போது பம்பருக்கும் கோட்டுக்கும் நடுவே இன்னும் சில மீட்டர் இருக்கும். இது தெரிந்தவர்கள் மறைந்த பிறகும் உருட்டுகிறார்கள், அளவு தெரியாமல் தாண்டிவிடுகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே பக்கவாட்டில் தெரியும் பலகைக் கம்பத்தையும் கோட்டின் ஓரத்தையும் பார்த்து நிறுத்திப் பழகுங்கள். நின்றதும் மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். அங்கிருந்து குறுக்குச் சாலை தெரியவில்லையென்றால் தெரிகிற இடம்வரை ஊர்ந்து போய் இன்னொரு முறை பார்க்க வேண்டும். முதல் நிறுத்தம் கோட்டுக்காக, இரண்டாவது கண்ணுக்காக.

காவாசாகி_மாமா:
வண்டியில் ஏறிய பிறகு விழுபவர்களைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். கவுன்ட்டரிலேயே திரும்பிப் போகிறவர்களை யார் எண்ணுவது?

அந்தக் காட்சி எப்போதும் ஒரே மாதிரிதான். ஊழியர் பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவார். ஒரு தாளில் தேதிகளைக் கூட்டுவார். லைசென்ஸ் வாங்கிய நாளுக்குப் பிறகு அதைக் கொடுத்த நாட்டில் மொத்தம் மூன்று மாதம் இருந்திருக்க வேண்டும். தொடர்ச்சியாக வேண்டியதில்லை, விடுமுறைகளைச் சேர்த்தும் காட்டலாம். விசா வந்துவிட்டது என்று அவசர அவசரமாக லைசென்ஸ் எடுத்து இரண்டாவது வாரமே விமானம் ஏறியவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

பழைய பாஸ்போர்ட் காலாவதியானதுதானே என்று ஊரில் விட்டுவிட்டு வராதீர்கள், முத்திரைகள் அதில்தான் இருக்கின்றன. தானியங்கி வாயில் வழியாகப் போனால் முத்திரையே விழாது. ஊர் போய்வரும்போது அதிகாரி இருக்கும் கவுன்ட்டருக்குப் போய்க் கேட்டு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு கண்ணி புதுப்பித்த லைசென்ஸ். 2009இல் எடுத்துப் போன வருஷம் புதுப்பித்திருப்பார். கார்டில் புதுப்பித்த தேதி மட்டும் பளிச்சென்று தெரியும். கவுன்ட்டர்காரர் அதைத்தான் முதல் தேதியாக எடுத்துக்கொள்வார். அப்புறம் அத்தனை வருஷ அனுபவமும் பூஜ்யம். முதலில் வழங்கிய தேதி கார்டில் தெளிவாக இல்லையென்றால் இந்திய அரசின் பரிவாகன் தளத்தில் 'டிஎல் எக்ஸ்ட்ராக்ட்' என்றே ஒரு சேவை இருக்கிறது, ஆர்டிஓவிடமிருந்து அதை எடுத்துவிட்டுத்தான் ஜாஃப் (ஜப்பான் ஆட்டோமொபைல் சம்மேளனம்) மொழிபெயர்ப்புக்கே அனுப்ப வேண்டும். மொழிபெயர்ப்பில் தேதி தவறினால் மறுபடி காசு.

மற்றதெல்லாம் சில்லறை: குயக்குஷோவில் (வட்டார அலுவலகம்) எடுத்த ஜூமின்ஹ்யோ என்ற குடியிருப்புச் சான்று (எந்த நாட்டவர் என்பது அச்சிட்டது, 'மை நம்பர்' என்ற தனிநபர் எண் அச்சிடாதது), ஸாய்ர்யூ கார்டு என்ற வசிப்பிட அட்டை, 3 செ.மீ.க்கு 2.4 செ.மீ. புகைப்படம். கண் பார்வை இரண்டும் சேர்ந்து 0.7, தனித்தனியாக 0.3. கண்ணாடியை வீட்டில் மறந்து வருபவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள்.

வடமராட்சி:
இடப்பக்கம் திரும்புறது. எங்கட நாட்டிலயும் இடப்பக்கமாத்தான் ஓடுறது, ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான், அதால சனம் இது சுகமெண்டு நினைக்குது. அந்த நினைப்புத்தான் பிழை.

நாங்கள் இடப்பக்கம் திரும்ப முதல் வண்டியை வலப்பக்கமாக் கொஞ்சம் அகட்டி எடுத்துத்தான் வெட்டுவம். பஸ்காரர் செய்யிறதைப் பார்த்துப் பழகினது. இங்க அதுக்குப் புள்ளி போகும். திரும்பிற இடத்துக்கு 30 மீற்றருக்கு முதலே கண்ணாடி பார்த்து, சிக்னல் போட்டு, வண்டியை இடப்பக்க ஓரத்தோட ஒட்ட வேணும். ஒரு மீற்றருக்கு மேல இடைவெளி விடப்படாது. ஏனெண்டால் அந்த இடைவெளிக்குள்ளதான் சைக்கிள்காரன் பூருவான். ஓரத்தை அடைச்சுப்போட்டு, திரும்பிற கணத்தில இடக் கண்ணாடியும் பார்த்து, இடத் தோளுக்குப் பின்னாலயும் ஒருக்காத் திரும்பிப் பார்க்க வேணும். இதுக்குப் பேர் மகிகோமி ககுனின். கண்ணை மட்டும் உருட்டினால் பக்கத்தில இருக்கிறவருக்கு விளங்காது. தலையைத் திருப்பிக் காட்டுங்கோ.

வலப்பக்கம் திரும்பேக்க நடுக்கோட்டோட ஒட்டி, சந்தியின்ர நடுப்புள்ளிக்குக் கிட்ட, அதின்ர உள்பக்கத்தால, மெதுவாத் திரும்ப வேணும். நடுப்புள்ளிக்கு எட்ட முந்தியே குறுக்கால வெட்டினாலும் புள்ளி போகும், அதைச் சுத்திக்கொண்டு போனாலும் போகும்.

கியர்பாக்ஸ்:
வடமராட்சி அண்ணை சொன்னதில் பாதிக்கு மறுப்பு இருக்கிறது. 'தலையைத் திருப்பிக் காட்டுங்கோ' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு கோயில் மாடு மாதிரி தலையாட்டுகிறவர்களும் விழுகிறார்கள். இங்கே எத்தனை தடவை பார்த்தீர்கள் என்பதைவிட எந்த வரிசையில் பார்த்தீர்கள் என்பதற்குத்தான் மதிப்பு. பின்கண்ணாடி, பக்கக் கண்ணாடி, சிக்னல், மூன்று விநாடி, அப்புறம் தோளுக்கு மேல் ஒரு பார்வை, அதற்குப் பிறகுதான் ஸ்டியரிங். சிக்னலைப் போட்டுவிட்டு அவசரமாகக் கண்ணாடி பார்த்தால், பார்த்தும் பார்க்காத கணக்கு. தோளைத் திருப்பும்போது கையும் கூடவே இழுத்து வண்டி அந்தப் பக்கம் சாய்ந்தால் அது தனிக் குறை.

நின்றிருக்கும் வண்டியைத் தாண்டும் இடத்தில் இந்த வரிசை இரண்டு முறை வரும், வெளியே எடுக்கும்போது ஒன்று, திரும்ப உள்ளே வரும்போது ஒன்று. முதலாவதை அழகாகச் செய்துவிட்டு இரண்டாவதை மறப்பது வழக்கமான கதை. ஒரு மீட்டர் இடைவெளியும் வேண்டும்.

இன்னொன்று, பயந்து பயந்து உருட்டினால் பாஸ் என்று யார் கிளப்பிவிட்டதோ! நேர்ச் சாலையில் 40 என்று எக்ஸாமினர் சொன்னால் 40ஐத் தொட வேண்டும். 28இல் போவது பணிவு ஆகாது, வேகம் எடுக்கத் தெரியவில்லை என்றுதான் எழுதுவார். 100இல் தொடங்கிக் கழித்துக்கொண்டே வருகிறார்கள், 70க்குக் கீழே போனால் அவ்வளவுதான்.

ஓட்டுநர் பள்ளியில் கய்மென்காரர்களுக்கென்றே 50 நிமிஷ வகுப்பு கிடைக்கும். இரண்டு எடுங்கள், பத்து வேண்டாம். முதல் வகுப்பில் பயிற்சியாளரை ஓட்டச் சொல்லி நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலை எப்போது திரும்புகிறது என்று மட்டும் பாருங்கள். ஏறுவதற்கு முன் வண்டியைச் சுற்றி வந்து முன்னும் பின்னும் அடியில் குனிந்து பார்ப்பது, கதவைப் பூட்டுவது, இருக்கை, கண்ணாடி, பெல்ட், இறங்கும்போது கதவைத் திறக்குமுன் பின்னால் பார்ப்பது எல்லாம் அங்கேயே படிந்துவிடும். தேர்வு மையம் பாதையை நடந்து பார்க்க விட்டால் கட்டாயம் நடங்கள். வழி மனப்பாடமாக இருந்தால் 'அடுத்து வலமா இடமா' என்ற யோசனை போய், கண்ணாடிக்கு மூளையில் இடம் கிடைக்கும்.

புதுசு_நாகோயா:
எழுத்துத் தேர்வு பத்துக் கேள்விதானே, ஏழு சரியாக இருந்தால் போதுமே. அதைப் பற்றி ஏன் யாரும் எழுதவில்லை?

ஓமியா_டீக்கடை:
@புதுசு_நாகோயா, இந்தப் பழைய தகவலை நம்பிப் போய்த்தான் ஆட்கள் திரும்பி வருகிறார்கள். 2025 அக்டோபர் 1 முதல் 50 கேள்வி, 45 சரியாக இருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து மாற்றுவதும் அன்றோடு போயிற்று, ஜூமின்ஹ்யோ இல்லாமல் முடியாது.

ஆங்கிலத்தில் எழுதலாம், ஆனால் ஆங்கிலம் தெரிந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். கேள்விகள் சரியா தவறா வகை, ஒரு சொல்லில் கவிழ்க்கும். பேர்போன உதாரணம்: 'பச்சை விளக்கு எரிந்தால் வண்டி போக வேண்டும்.' தவறு. பச்சை என்றால் போகலாம், போயே ஆக வேண்டும் என்பதில்லை. எதிரே நெரிசலாக இருந்தால் சந்திக்குள் நுழையக் கூடாது. 'எப்போதும்', 'மட்டும்', 'எக்காரணம் கொண்டும்' என்று வந்தால் இரண்டு தடவை படியுங்கள்.

எண்கள்: சந்திக்கும் பாதசாரிகள் சாலையைக் கடக்கும் கோட்டுக்கும் 5 மீட்டருக்குள் வண்டி நிறுத்தக் கூடாது. பஸ் ஸ்டாப்புக்கும் ரயில்வே கேட்டுக்கும் 10 மீட்டர் (பஸ் ஸ்டாப்பில் பஸ் ஓடும் நேரத்தில்). பார்க் செய்த பின் வண்டிக்கு வலப்பக்கம் 3.5 மீட்டர் சாலை மிஞ்ச வேண்டும். சாலையில் வைர வடிவம் வரைந்திருந்தால் முன்னால் பாதசாரிகள் கடக்கும் கோடு வருகிறது என்று பொருள். மஞ்சள் அம்புக்குறி விளக்கு டிராமுக்கு, நமக்கு இல்லை. இதில் விழுந்தவர்கள் அதிகம். ஹார்ன் பற்றிய கேள்வியில் நம் ஊர் நியாயம் செல்லாது; பலகை இருக்கும் இடத்திலும் ஆபத்தைத் தவிர்க்கவும் மட்டும்தான்.

காவாசாகி_மாமா:
யாரும் கேட்கவில்லை, தெரியும். ஆனாலும் இதைச் சொல்லாமல் போக முடியாது. தேர்வுத் தேதி கிடைக்க வாரக்கணக்காகும், சில இடங்களில் மாதக்கணக்கு. அதுவரை சர்வதேச பெர்மிட்டில் ஓட்டுகிறோம் என்கிறார்கள். 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி வழங்கியதை மட்டும்தான் ஜப்பான் ஏற்கிறது. இந்திய ஆர்டிஓ கொடுப்பது அந்த வகை, சரி. ஆனால் பெர்மிட்டின் ஒரு வருஷம், ஜப்பானில் இறங்கிய நாளிலிருந்து ஒரு வருஷம், இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுதான் கெடு.

'வருஷம் முடியும்போது ஊருக்குப் போய்ப் புது பெர்மிட் எடுத்து வந்துவிடுவேன்' என்று ஒரு கணக்கு ஓடுகிறது பாருங்கள், அது தப்பு. இங்கே குடியிருப்புப் பதிவு உள்ளவர் வெளியே போய் மூன்று மாதத்துக்குள் திரும்பினால் அந்த வருகை புது வருகையாகச் சேராது. பொங்கலுக்கு இரண்டு வாரம் போய், கையில் மை காயாத பெர்மிட்டோடு வந்து ஓட்டினால் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதுதான். மூன்று வருஷம் வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். தெரிந்தே வண்டி கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. விபத்து நடந்தால் உங்கள் வண்டிக்கும் உங்கள் காயத்துக்கும் காப்பீடு கைகொடுக்காது. பெர்மிட் தேதியையும் வந்திறங்கிய தேதியையும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், முடிய நான்கைந்து மாதம் இருக்கும்போதே தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள்.

தொசாய்லைன்:
மாமா, தலைப்பு கோட்டை விட்ட இடம்.

காவாசாகி_மாமா:
இதுவும் கோட்டை விடுகிற இடம்தான் தம்பி. என்ன, தேர்வு மையத்துக்கு வெளியே.

குறுக்குச்சந்து:
கிராங்க். 3.5 மீட்டர் அகலப் பாதையில் இரண்டு செங்குத்துத் திருப்பம், மூலைகளில் தொங்கும் கம்பிகள். கம்பியில் பலமாக இடித்தால் முடிந்தது. ஆனால் பெரும்பாலும் விழுவது கம்பியில் இல்லை, உள்பக்கப் பின்சக்கரம் விளிம்புக் கல்லில் ஏறும்போது. பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்ளே தள்ளித்தான் வரும். எனவே திருப்பத்துக்கு முன்னால் வெளிப்பக்க ஓரத்தை ஒட்டி வந்து, முன்பக்கம் மூலையைத் தாண்டிய பிறகு முழுசாக ஒடிக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் ஆக்சிலரேட்டர் பக்கமே கால் போக வேண்டாம், பிரேக்கை விட்டுப் பிடித்தாலே வண்டி நகரும்.

முக்கியமானது இது. சக்கரம் 'டொக்' என்று ஏறியதும் அப்படியே தாண்டிப் போய்விடத் தோன்றும். தாண்டினால் தேர்வு நின்றுவிடும். ஏறிய இடத்திலேயே பிரேக் போட்டுப் பின்னால் பார்த்து இறக்கினால் 20 புள்ளி போகும், ஆனால் தேர்வு தொடரும். அதுவரை சுத்தமாக ஓட்டியிருந்தால் 80இல் நிற்கிறீர்கள். ஏறுவதற்கு முன்பே இடிக்கும் என்று தெரிந்து பின்னெடுத்தால் முதல் தடவைக்குப் புள்ளியே போகாது. வெட்கப்பட்டுப் பின்னெடுக்காதவர்தான் அடுத்த மாதம் மறுபடி கட்டணமும் வண்டி வாடகையும் கட்டுகிறார்.

வடமராட்சி:
@கியர்பாக்ஸ், வரிசை பற்றிச் சொன்னது சரிதான், ஒத்துக்கொள்ளுறன். ஆனா கோயில் மாடு நான் இல்லை.

ஒண்டை ஒருத்தரும் எழுதேல்ல. அதே 2025 அக்டோபர் மாற்றத்தோட ரயில் கடவையும் பாதசாரிக் கடவையும் செய்முறையில சேர்த்திருக்கினம். மைதானத்தில இருக்கிறது பொம்மைத் தண்டவாளம், ரயில் ஒருநாளும் வராது. அதுதான் சிக்கல், சனம் அப்பிடியே ஏறிப் போயிடுது. தொமாரே போல கோட்டுக்கு முன்னால முழுசா நிக்க வேணும். கண்ணாடியை இறக்கிக் காதைக் குடுத்துச் சத்தம் கேக்க வேணும். இரண்டு பக்கமும் பார்க்க வேணும். அங்கால உங்கட வண்டி நிக்க இடமிருக்கோ எண்டும் பார்க்க வேணும், இல்லாட்டி தண்டவாளத்துக்கு மேல மாட்டுப்படுவீங்கள். கியர் வண்டியெண்டால் தாண்டி முடியுமட்டும் கியர் மாத்தப்படாது.

கண்ணாடியை இறக்கிற பொத்தான் எங்க இருக்கெண்டு வண்டி எடுக்க முதலே தடவிப் பார்த்து வைச்சுக்கொள்ளுங்கோ.