கடனை அடைத்த பிறகும் லோன் ஆப் தொல்லை: எடுத்த எண்களை அழிக்க வைப்பது எப்படி?

திருப்பூரில் இருக்கும் என் தங்கை ஒரு லோன் ஆப்பில் 15,000 ரூபாய் வாங்கி, ஜூலையிலேயே முழுவதும் அடைத்துவிட்டாள். கணக்கு முடிந்ததற்கான கடிதம் கையில் இருக்கிறது. ஆனால் ஆகஸ்டிலிருந்து அவள் போனில் இருந்த எண்களுக்கெல்லாம் "கடன் பாக்கி" என்று வாட்ஸ்அப்பில் செய்தி போகிறது. பனியன் கம்பெனி சூப்பர்வைசருக்கும் போயிருக்கிறது. வேலைக்குப் போகவே கூசுகிறாள்.

போன் ரெட்மி 12, ஆண்ட்ராய்ட் 13. கான்டாக்ட்ஸ் அனுமதியை நிறுத்தி, ஆப்பையும் நீக்கியாகிவிட்டது. ஏற்கெனவே எடுத்த எண்கள் அவர்களிடம்தானே இருக்கின்றன! சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் எண் வாங்கினோம். அப்புறம் கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மெயில் அனுப்பினோம். விதிப்படியான 30 நாள் கெடு முடிந்தும் பதில் இல்லை.

தொடர்புப் பட்டியலை இந்த ஆப்கள் தொடவே கூடாது என்று 2022 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. தரவை அழிக்கச் சொல்லும் உரிமையும் அதில் உண்டு. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் 2027-இல்தான் அமலாகும் என்பதால், இப்போதைக்கு ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேன்தான் (வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) வழி.

அங்கே புகார் கொடுத்துத் தரவை அழிக்க வைத்தவர்கள் யாராவது இருந்தால், என்னென்ன ஆதாரங்களை இணைத்தீர்கள் என்று சொல்ல முடியுமா?