போலோ ஜிடி டிஎஸ்ஐ: 35 மி.மீ. லோயரிங் ஸ்பிரிங் போடலாமா? முன்பக்கம் ‘டக் டக்’ சத்தமும் இருக்கு

இரணியல்_ஜிடி:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2018 ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார், 16 இஞ்சு வீல், 195/55 டயர். 70,000 கி.மீ. தாண்டியாச்சு. சஸ்பென்ஷன்ல இதுவரை ஒரு புஷ் (இணைப்புல இருக்குற ரப்பர்) கூட மாத்தினது இல்ல.

ஆரல்வாய்மொழி கணவாய்ல பக்கக்காத்து அடிக்கும்போது வண்டி ஒரு ஆட்டம் ஆடித்தான் நிலைக்கு வருது. வாங்கின புதுசுல இப்படி இல்ல. குலசேகரம் – பேச்சிப்பாறை ரோட்டு வளைவுல கொஞ்சம் வேகமா திருப்பினா பாடி சாயுது, நிமிரவும் நேரம் எடுக்குது. கூடவே குண்டுகுழியில மெதுவா போகும்போது முன் இடது பக்கம் ‘டக் டக்’னு சத்தம். நின்ன இடத்துல ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா ‘டங்’னு ஸ்பிரிங் துள்ளுற மாதிரி ஒரு சத்தமும் வருது.

வண்டியை 35 மி.மீ. இறக்குற ஐபாக் கம்பெனி ஸ்பிரிங் செட் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். பழைய ஷாக் அப்சார்பரையே வச்சு ஸ்பிரிங் மட்டும் மாத்தினா போதுமா? ஒரு கூட்டுக்காரன், இருக்குற ஸ்பிரிங்ல ஒரு சுத்து வெட்டினாலே ஆச்சுங்கான். வாரநாள்ல நான் ஒருத்தன்தான், வேலை திருவனந்தபுரத்துல. ஞாயித்துக்கிழமை அப்பா, அம்மா, வீட்டுக்காரி எல்லாரும் ஏறுவாங்க. வீட்டு வாசல் சரிவும் கொஞ்சம் செங்குத்து. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பார்வதிபுரம்_டர்போ:

மக்கா, நம்ம போலோவுக்கு டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல இருக்குற அந்த இடைவெளியை யாருக்குத்தான் பிடிக்கும்? 25, 30 இறக்கினா பாக்கவே கொள்ளாம். வளைவுலயும் நல்ல பிடி கிடைக்கும். எங்கூட்டத்துல பலர் போட்டிருக்காங்க. ஆனா ஸ்பிரிங்கை மட்டும் வெட்டாண்டாம், அதுல நான் உறுதி.

தக்கலை_பட்டறை:

தம்பி, ஸ்பிரிங் பேச்சைப் பிறகு வச்சுக்கிடுவோம். முதல்ல அந்த ரெண்டு சத்தத்தையும் பாக்கணும். ரெண்டும் வேற வேற.

ஸ்டியரிங் ஒடிக்கும்போது ‘டங்’னு வருதுன்னா எனக்கு முதல் சந்தேகம் ஸ்ட்ரட்டுக்கு (முன் ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேந்த தூண்) மேல இருக்குற மவுண்ட் பேரிங். ஸ்டியரிங் திரும்பும்போது ஸ்பிரிங்கும் சேந்து திரும்பணும். பேரிங் துரு பிடிச்சு இறுகிட்டா ஸ்பிரிங் முறுக்கிக்கிட்டு நிக்கும், ஒரு அளவுக்கு மேல போனா பட்டுனு விடும். அந்தச் சத்தம்தான் உங்களுக்குக் கேக்குது. சோதிக்கிறது லேசு. ஒருத்தர் ஸ்டியரிங்கை மெதுவா ஒடிக்கணும், நீங்க வீல் வளைவுக்குள்ள கைய விட்டு ஸ்பிரிங் மேல விரலை லேசா வையுங்க, சுருளுக்கு இடையில விடாண்டாம். நல்ல பேரிங்னா ஸ்பிரிங் சீராத் திரும்பும். கெட்டதுன்னா நின்னு நின்னு வெட்டும், விரல்லயே தெரியும்.

‘டக் டக்’ பெரும்பாலும் ஸ்டெபிலைசர் பாரை (வண்டி சாயாம பிடிக்கிற குறுக்குக் கம்பி) வீல் பக்கத்தோட சேக்குற லிங்க் ராட், இல்லன்னா லோயர் ஆர்ம் (வீலைக் கீழே பிடிக்கிற கை) பின்புஷ். லிங்க் ராடை ஒரு பக்கம் மட்டும் தூக்கி வச்சு ஆட்டினா பார் முறுக்கத்துல நிக்கும், தேய்மானம் தெரியாது. ரெண்டு வீலும் ஒரே உயரத்துல இருக்கும்போது ஆட்டிப் பாக்கணும்.

ஷாக்கையும் பாருங்க. தண்டுல லேசா எண்ணெய்ப் படலம் இருந்தா பயப்பட ஒண்ணும் இல்ல. எண்ணெய் வழிஞ்சு, அதுல நம்ம செம்மண் ஒட்டி, குழம்பு காஞ்ச மாதிரி அடை கட்டியிருந்தா அந்த ஷாக் போச்சு. பானட்டை கையால அமுக்கி, ஒரு தடவை எழும்பி நின்னா நல்ல ஷாக்குனு சொல்லுறதை நம்பாண்டாம். பாதி செத்த ஷாக்கும் அந்தச் சோதனையில பாஸ் ஆகும்.

காத்துல ஆடுறதும் வளைவுல நிமிர நேரம் எடுக்குறதும் நீங்க சொல்லுற விதத்துலயே ஷாக் பக்கம்தான் கை காட்டுது. வாங்கின புதுசுல இப்படி இல்லன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. கம்பெனி ஸ்பிரிங் எழுபதாயிரத்துல அவ்வளவு தளராது. ஷாக் தளரும், அதுவும் நம்ம ரோட்டுல.

வெட்டுறதைப் பத்தி: கேஸ் கட்டரால வெட்டின ஸ்பிரிங்கோட வண்டி என் பட்டறைக்கு வராம இல்ல. பின்னாடி ஜாக்கில தூக்கி வீலைத் தொங்க விட்டா ஸ்பிரிங் கையோட வரும். போலோவுக்கு பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. வீல் முழுசா தொங்கும்போது ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடிக்க வேற எதுவும் கிடையாது, அதோட நீளம்தான். ஒரு பள்ளத்துல வீல் தொங்கி ஏறும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டு விலகினா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. போதாக்குறைக்கு சூடு பட்ட இடத்துல கம்பியோட பதம் போயிடும், அங்கதான் பிறகு ஒடியும்.

எஸ்டேட்_ரோடு:

பட்டறை அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் அளவு பக்கம் வாறேன்.

இந்தியாவுல வித்த போலோவை, கம்பெனியே ஐரோப்பிய வண்டியை விட உசத்தித்தான் விட்டது. ஸ்பிரிங் பெட்டியில போட்டிருக்குற 35 மி.மீ. அந்த ஊர் வண்டியோட உயரத்துல இருந்து எண்ணினது. நம்ம வண்டியில போட்டா இறக்கம் அதைவிடக் கூடுதலாத் தெரிய வாய்ப்பு இருக்கு. வாங்கும் முன்னாடி, நம்ம நாட்டு போலோவுல அதே பார்ட் நம்பர் போட்டவங்ககிட்ட மாத்துறதுக்கு முன்னயும் பின்னயும் எடுத்த அளவைக் கேளுங்க. வீல் நடுப்புள்ளியில இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப் வச்சு எடுத்த அளவுதான் வேணும். தரையில இருந்து அளந்தா டயர் காத்து, தேய்மானம் எல்லாம் உள்ள புகுந்து கணக்கைக் கெடுக்கும்.

இனி வேகத்தடை. வண்டியோட கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டி அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளி) சுமார் 165 மி.மீ. 35 போனா 130. நாலு பேரு ஏறி, டிக்கியில ரெண்டு தார் வாழைக்குலையும் வச்சா இன்னும் ரெண்டு மூணு சென்டிமீட்டர் அமுங்கும். மிச்சம் ஒரு சாண் கூட இல்ல, 10 செ.மீ. சொச்சம். இந்திய சாலைக் காங்கிரஸ் (ரோட்டு வேலைக்கு அளவு வகுக்கிற அமைப்பு) அளவுப்படி கட்டின வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் நீளம். அது வண்டியோட வீல்பேஸை (முன்வீலுக்கும் பின்வீலுக்கும் உள்ள தூரம்) விட நீளம், அதனால முன்வீலும் பின்வீலும் அதோட மேட்டுலயே ஏறி நிக்கும். கணக்குப் போட்டா வண்டியோட நடு அடிப்பக்கத்துக்குக் கீழே நாலரை சென்டிமீட்டர்தான் அது தின்னும். அந்த அளவுல கட்டினா இறக்கின வண்டியும் தாராளமா போகும். ஆனா நம்ம ஊர்வழி ரோட்டுல யாரு அளந்து கட்டுறாங்க? ஒரு முழம் அகலத்துல ஒரு சிமெண்டு வரம்பு. அது ரெண்டு வீலுக்கும் நடுவுல வரும்போது அந்தப் பத்து சென்டிமீட்டரும் அப்படியே அடிக்கு வரும். திங்கள்சந்தையில இருந்து உள்ளே போற எந்த ரோட்டையும் எடுத்துக்கோங்க.

இன்னொண்ணு, இது பலரும் பேசாதது. முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். லோயர் ஆர்ம் வீல் பக்கம் கொஞ்சம் தாழ்ந்து நிக்குற மாதிரிதான் கம்பெனி வச்சிருக்கும். வண்டியை இறக்க இறக்க ஆர்ம் மட்டமாகும், பிறகு வீல் பக்கம் மேலே போகும். அப்போ ரோல் சென்டர் (பாடி எந்தப் புள்ளியைச் சுத்திச் சாயுதோ அது), வண்டி இறங்கினதைவிட வேகமா கீழே போயிடும். வண்டி தாழ்ந்தாலும், சாய வைக்கிற நெம்புகோல் நீளமாகுது. அதை ஸ்பிரிங்கோட கடினம்தான் ஈடுகட்டணும். அதனாலதான் அளவுக்கு மேல இறக்கின வண்டி பாக்க ரேஸ் வண்டி, வளைவுல கம்பெனி வண்டியை விட மோசம். என் மனசுக்கு ஒத்த எல்லை 20, 25.

ஷாக் வாங்குறதா இருந்தா பேரைப் பாத்துக்கிடுங்க. பில்ஸ்டைன் பி6 கம்பெனி உயர ஸ்பிரிங்குக்கு, பி8 இறக்கின வண்டிக்குன்னு தண்டு குறைச்சுச் செஞ்சது. பி12ங்கிறது பி8ஓட ஐபாக் ஸ்பிரிங் சேந்த செட். கம்பெனி ஷாக்கோட மேல 35 மி.மீ. ஸ்பிரிங் போட்டா ஷாக் எப்பவும் பாதி அமுங்கின நிலையிலயே வேலை செய்யும். கொஞ்சம் பெரிய குழியில விழுந்தாலே பம்ப் ஸ்டாப்புல (ஷாக் முழுசா அமுங்கும்போது முட்டுற ரப்பர்) போய் இடிக்கும். அந்த இடி நேரா பாடிக்குத்தான்.

களியக்காவிளை_டெய்லி:

நீங்க திருவனந்தபுரம் போறவர்னதால இதையும் சொல்லிடுறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு இருக்கு. கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் சொல்லிருச்சு. அதே வருசத் திருத்தத்துல வந்த 182ஏ(4) படி அனுமதி இல்லாத ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரை சிறை, ரெண்டும் சேந்தும் வரலாம். கேரள எல்லை தாண்டி அமரவிளை பக்கம் சோதனை கடுமை. கண்ணுக்குத் தெரியிற அளவுக்கு இறங்கின வண்டியைத்தான் முதல்ல ஓரம் கட்டச் சொல்லுவாங்க. இன்சூரன்ஸ் கிளெய்ம் வரும்போதும் சர்வேயர் கேப்பார்.

பார்வதிபுரம்_டர்போ:

எஸ்டேட் ப்ரோ, ரோல் சென்டர் விஷயம் எனக்கும் புதுசு, நன்றி. ஆனா பி6 பத்தி ஒரு மறுப்பு. அது மோனோடியூப் (ஒத்தைக் குழாய் ஷாக்), உள்ள கேஸ் அழுத்தம் அதிகம். நாலுவழிச் சாலையில தங்கமா ஓடும். நம்ம மழைக்கால ரோட்டுல 30ல போகும்போது சின்னச் சின்ன வெட்டு எல்லாம் உள்ள தெரியும். நமக்கு ஆனி ஆடி மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு, ரோடு எப்ப நேரா இருக்கு? வயசானவங்க பின்சீட்டுல உக்காருற வண்டிக்கு கோனி கம்பெனியோட எஃப்எஸ்டி ஷாக்தான் நல்லது. இப்போ ஸ்பெஷல் ஆக்டிவ்ங்கிற பேர்ல வருது. சின்ன வேகமான அதிர்வுக்கு வால்வு இளகிக் கொடுக்கும், வளைவுல பாடி மெதுவா சாயும்போது இறுக்கிப் பிடிக்கும். கம்பெனி ஸ்பிரிங்கோடயே போடலாம்.

எஸ்டேட்_ரோடு:

ஒத்துக்கிடுறேன். வாரநாள் தனியா ஓட்டுறவருக்கு பி6, குடும்பத்தோட போறவருக்கு எஃப்எஸ்டி. இவருக்கு ரெண்டும் உண்டு, அப்போ எஃப்எஸ்டி.

ஒரு செலவு குறைஞ்ச வழியும் சொல்லுறேன். ஜிடி டிஎஸ்ஐ முதல்ல வந்தப்போ 15 இஞ்சு வீல்தான், 185/60 டயர். இப்போ உங்க 195/55 ஆர்16 டயரோட பக்கச்சுவர் 107 மி.மீ. 15 இஞ்சு வீல்ல 195/60 போட்டா பக்கச்சுவர் 117. மொத்த விட்டம் ஆறு மி.மீ.தான் குறையும், அதாவது கிளியரன்ஸ் மூணு மி.மீ. போகும், அவ்வளவுதான். குழியில ரிம் வளையுற பயமும் குறையும். நாகர்கோவில் – களியக்காவிளை ரோட்டுல தினமும் போறவருக்கு இதுவே பெரிய உதவி.

இரணியல்_ஜிடி:

பட்டறை அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே பாத்தோம். இடது ஸ்பிரிங் விரலுக்கு நல்லாத் தெரியுற மாதிரி வெட்டி வெட்டித் திரும்புது, வலது சீராப் போகுது. இடது ஸ்ட்ரட்டுல எண்ணெய் வழிஞ்சு மண் அடை கட்டியிருக்கு. வலதுல படலம் மட்டும். இடது லிங்க் ராட் ரெண்டு வீலும் தரையில இருக்கும்போதே கைக்கு ஆடுது.

35 மி.மீ. ஸ்பிரிங்கை விட்டாச்சு. நாலு ஷாக்கும் எஃப்எஸ்டி, கம்பெனி ஸ்பிரிங், புது மவுண்ட், பேரிங், லிங்க் ராட். வேலையில கவனிக்க வேண்டியது என்ன?

தக்கலை_பட்டறை:

நல்ல முடிவு தம்பி. மவுண்ட், பேரிங், லிங்க் ராட் எல்லாம் ரெண்டு பக்கமும் சேத்து மாத்துங்க. பம்ப் ஸ்டாப்பையும் தூசி உறையையும் பழசை எடுத்துப் போடாண்டாம், ஸ்ட்ரட் கழட்டின நேரத்துலயே புதுசு போடணும்.

போலோ ஸ்ட்ரட், மாருதி மாதிரி ரெண்டு போல்ட்டுல நிக்குறது இல்ல. நக்கிளுக்குள்ள (வீலைத் தாங்குற பாகம்) செருகி, ஒரு போல்ட்டு இறுக்கிப் பிடிச்சிருக்கும். அந்த வாயைத் திறக்க முட்டை வடிவத்துல ஒரு பிட் உண்டு, பிளவுல விட்டுத் திருப்பினா விரியும். அது இல்லாத கடையில உளியையும் சுத்தியலையும் எடுப்பாங்க. அங்க வேலையைக் கொடுக்காதீங்க. மேல் நட்டும் அந்த இறுக்கு போல்ட்டும் புதுசா வாங்கிடுங்க.

லோயர் ஆர்ம் போல்ட்டைத் தளத்தினா, வண்டி நாலு வீல்லயும் நிக்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்கணும். தூக்கி வச்சபடியே இறுக்கினா ரப்பர் முறுக்குலயே கிடந்து சீக்கிரம் கிழியும்.

வேலை முடிஞ்ச உடனே ஒரு அலைன்மென்ட் பாத்துடுங்க. இந்த வண்டியில முன் வீலுக்கு டோ (மேல இருந்து பாத்தா வீல் உள்ளயோ வெளியோ திரும்பி நிக்குற அளவு) மட்டும்தான் நேரடியா சரி பண்ண முடியும். சேம்பர் (முன்னால இருந்து பாத்தா வீல் சாஞ்சு நிக்குற அளவு) ரெண்டு பக்கமும் வித்தியாசமா வந்தா சப்ஃபிரேமை (லோயர் ஆர்ம் மாட்டியிருக்குற சட்டம்) நகத்தி நடுவுக்குக் கொண்டுவரணும், அதைச் செய்யத் தெரிஞ்ச ஆளா பாருங்க. பிரிண்ட் எடுத்து இங்க போடுங்க, நான் பாக்குறேன்.