ஸ்கீயில் உங்கள் திருப்பம் எப்படித் திருந்தியது? அனுபவத்தைச் சொல்லுங்கள்

பேர்ண் வாசி:

எளிதான நீலச் சரிவில் வசதியாக இறங்குகிறோம், அடுத்த நிலையான சிவப்புக்குப் போனதும் எல்லாம் கலைந்துவிடுகிறது என்று சொல்பவர்களை இங்கே சுவிஸில் அடிக்கடி சந்திக்கிறேன். நம் ஆட்களில் பலர், பிள்ளைகள் பள்ளிக்கூட ஸ்கிலாகருக்கு, அதாவது ஸ்கீ முகாமுக்கு, போய்வந்த பிறகு தாங்களும் ஆசைப்பட்டுத் தொடங்கியவர்கள். நாற்பதை ஒட்டிய வயதில் ஸ்கீ மாட்டிய உடம்பு ஒரு கட்டம் வரை மளமளவென்று கற்றுக்கொள்கிறது. பிறகு வருடக்கணக்கில் அதே இடத்தில் நிற்கிறது. அந்த இடத்திலிருந்து உங்களை எது நகர்த்தியது? பயிற்சியா, ஆசிரியரா, வீடியோவா? எதுவானாலும் எழுதுங்கள். நானே தொடங்கிவைக்கிறேன்.

கிரிண்டெல்வால்டுக்கு மேலே மென்லிகன் பக்கம் ஒரு ஆசிரியையோடு தனிவகுப்பு. அந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்து வளர்ந்தவர், அதிகம் கதைக்காதவர். காலையில் லிஃப்ட் திறந்ததும் ஏறிவிட்டோம். இரவில் இயந்திரம் சீவிவிட்ட பனி யாரும் மிதிக்காமல் வரிவரியாகக் கிடந்தது. "இறங்கு, பின்னால் வருகிறேன்" என்றார், அவ்வளவுதான். கீழே போய்ச் சேர்ந்தபோதும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்ப மேலே போகும் சேர்லிஃப்ட் அதே சரிவுக்கு மேலாகத்தான் போகிறது. பாதி வழியில் கீழே கைகாட்டி, "உன் தடத்தைப் பார்" என்றார்.

வலப்பக்கம் திரும்பிய இடங்களில் தடம் ஒடுக்கமாக, ஓரம் தெளிவாக இருந்தது. இடப்பக்கம் திரும்பிய ஒவ்வொரு இடத்திலும், வளைவு முடிகிற பகுதியில் தடம் அகன்று, பனி வழித்தெடுக்கப்பட்டுக் கிடந்தது. இறங்கும்போது இரண்டு பக்கமும் எனக்கு ஒன்றாகத்தான் தோன்றியது.

இடப்பக்கம் திரும்பும்போது எடையைத் தாங்க வேண்டியது வெளிப்பக்கத்தில் இருக்கும் வலது ஸ்கீ. அது பனியைப் பிடிக்காததால் அதன் வால், அதாவது பின்முனை, வெளியே வழுக்கிப் போயிருக்கிறது. மேலே போனதும் அவர் குனிந்து, என் வலது முழங்காலுக்குக் கீழே, காலுக்கும் ஸ்கீ பூட் காலணியின் முன்நாக்குக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் தாராளமாகப் போனது. எடை குதிகாலில் இருந்தால் அப்படித்தான் இருக்குமாம். கீழ்க்கால் எலும்பு நாக்கில் அழுந்தியிருக்க வேண்டும். வாடகைக் கடையில் கொடுத்த பூட் பெரிது, உள்ளே குதிகால் எழும்பிக்கொண்டிருந்தது. தடித்த காலுறைக்குப் பதிலாக மெல்லியது ஒன்று, அளவான பூட் என்று அதை அன்றே மாற்றினோம். பூட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். காலைப் பிடிக்காத பூட்டுக்குள் நின்றுகொண்டு எந்த நுட்பத்தையும் பழக முடியாது.

பிறகு நீலச் சரிவில் ஒரே ஒரு பயிற்சி. மெதுவாகத் திரும்ப வேண்டும். திரும்பிக்கொண்டிருக்கும்போது உள்பக்க ஸ்கீயின் வாலை மட்டும் பனியைவிட்டுச் சற்றே தூக்க வேண்டும், முனை பனியில் உரசிக்கொண்டே வரலாம். உடம்பு மலைப்பக்கம் சாய்ந்திருந்தால் வால் எழும்பாது. வலிந்து தூக்கினால் உள்பக்கமாகச் சரிந்துவிடுவோம். வெளிக்காலில் ஒழுங்காக நின்றால் சிரமமில்லாமல் எழும்பும். ஆசிரியை வாய் திறக்கத் தேவையே இல்லை, ஒவ்வொரு திருப்பமும் தன் மதிப்பெண்ணைத் தானே போட்டுவிடுகிறது. அரை நாள் முழுக்க இதுதான். கைகளைப் பற்றிக் கேட்டேன், "அது நாளைக்கு" என்றார்.

செங்குத்தான இடத்தில் மலையை அணைத்துக்கொள்ளப் பார்ப்பது மனித இயல்பு. படிக்கட்டிலோ சேற்று வரப்பிலோ அது காப்பாற்றும், ஸ்கீயில் அதுவே காலை வாரிவிடும். இன்றைய ஸ்கீ முனையிலும் வாலிலும் அகன்று, நடுவில் ஒடுங்கியது. 1990களில் இந்த வடிவம் பரவிய பிறகு திருப்பும் வேலையில் பாதியை ஸ்கீயே செய்கிறது. சாய்த்து அழுத்தினால் வில்லாக வளைந்து, அந்த வளைவிலேயே நம்மைக் கொண்டுபோகும். பயத்தில் பின்னால் சாய்ந்தால் முன்பாகத்தில் எடை இல்லை, முனை பனியைக் கடிக்காது, வளைவும் வராது. "பயப்படாதே" என்பதைவிட "வாலைத் தூக்கு" என்று சொல்வது நல்ல கற்பித்தல் என்று நான் நினைப்பது இதனால்தான்.

ஒஸ்லோ அக்கா:

தம்பி, தடத்தைப் பார்க்கச் சொன்ன அந்த ஆசிரியைக்கு ஒரு கும்பிடு. எங்களுக்கு இங்கே திரிவான் ஸ்கீ மலை பக்கத்திலேயே இருப்பதால் வேலை முடிந்து மாலையில் போவோம். விளக்கு வெளிச்சத்தில் ஓடுகிற சரிவு, தடமெல்லாம் வடிவாகத் தெரியாது. பகல் முழுக்க ஆட்கள் வழித்துவிட்ட பனி இருட்டியதும் இறுகிப்போயிருக்கும். அங்கே எனக்குத் துணை காது. ஸ்கீயின் விளிம்பு பனியைப் பிடித்தால் "ஸ்ஸ்" என்று ஒரே சீரான சத்தம். வழுக்கினால் கரகரவென்று சுரண்டும். சத்தம் திருப்பத்தின் எந்த இடத்தில் மாறுகிறது என்று கேட்டுப் பழகினால், பிடி எந்த இடத்தில் விடுகிறது என்று பிடிபட்டுவிடும்.

என்னை உண்மையில் நகர்த்தியது மகள் எடுத்த வீடியோ. நன்றாகக் குனிந்து, முழங்காலை மடித்து வருகிறேன் என்று உடம்பு சத்தியம் செய்தது. வீடியோவில் பார்த்தால் இடுப்பு பின்னால் தள்ளி, கணுக்கால் மடங்காமல் விறைத்து நிற்கிறது. மடிப்பு முழுக்க இடுப்பில்தான் இருந்திருக்கிறது. கணுக்காலில் துளி இல்லை. அடுத்த முறை, முன்னால் விழுந்துவிடுவேன் என்று தோன்றுகிற அளவுக்குக் கணுக்காலை மடித்தேன். வீடியோவில் அப்போதுதான் சாதாரணமான, நடுவான நிலை தெரிந்தது. மிகைப்படுத்துகிறோம் என்று தோன்றும் அளவுக்குச் செய்தால்தான் சரியான அளவு வருகிறது. இதை எனக்கு யார் வாயால் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

வீடியோ எடுப்பவர்களுக்குச் சில விஷயம். சரிவின் ஓரத்தில், மேலிருந்து வருகிறவர்களுக்குத் தெரிகிற இடத்தில் நில்லுங்கள். ஒடுங்கிய இடத்திலும் மேட்டுக்கு அடுத்த மறைவிலும் நிற்கவே கூடாது, சர்வதேச ஸ்கீ, ஸ்னோபோர்டு கூட்டமைப்பின் நடத்தை விதியும் அதைத்தான் சொல்கிறது. கீழிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, சில திருப்பங்கள் போதும். வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று வைக்காமல் லிஃப்டிலேயே பார்த்துவிட்டு உடனே அடுத்த ஓட்டத்தில் செய்து பாருங்கள். குளிருக்குக் கைப்பேசியின் சார்ஜ் சட்டென்று இறங்கும், உள்சட்டைப் பையில் வையுங்கள்.

இப்போது மகள் எனக்கு முழு வாக்கியம் சொல்வதில்லை. கைகள் பின்னால் போனால் "அம்மா, கை!" என்று ஒரு கூப்பாடு, அதுவே போதுமாக இருக்கிறது.

கோயம்புத்தூர்க்காரன்:

அக்கா, அண்ணா, ரெண்டு பேர் எழுதினதையும் ஆசையா படிச்சேன். நம்ம ஊர்ல இருந்து போறவங்களுக்கு பெரும்பாலும் காஷ்மீர்ல குல்மர்க், இல்லன்னா உத்தராகண்ட்ல ஆலிதான். நான் குல்மர்க்ல கத்துக்கிட்டேன். ஊரே சுமார் 2,650 மீட்டர் உயரத்துல இருக்கு, முதல் நாள் மூச்சு வாங்கும். கொண்டோலாங்கற கேபிள் காரோட ரெண்டாம் கட்டம் அஃபர்வத் மலைக்குப் போகுது, அது நல்லா பழகினவங்களுக்கான இடம். நாங்க இருந்தது கீழ இருக்கற ஆரம்பச் சரிவு. அங்க பக்கவாட்டுல படி வெட்டின மாதிரி ஸ்கீயோட நடந்து ஏறி, இறங்கி, மறுபடி ஏறணும். மூச்சு முட்டும், ஆனா விளிம்புன்னா என்னன்னு கால் புரிஞ்சுக்கறது அந்த ஏற்றத்துலதான். ஸ்கீயைத் தட்டையா வச்சா வழுக்கும், மலைப்பக்கம் சாய்ச்சா நிக்கும். லிஃப்ட்லயே ஏறி கத்துக்கிட்டவங்களுக்கு இது கிடைக்காதுன்னு நினைக்கிறேன்.

எங்க பயிற்சியாளர் உள்ளூர்க்காரர். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியாவுல இருந்து போன ஒரே வீரர் ஆரிஃப் கான் அந்தப் பக்கத்துக்காரர்தான். அவர் பெயரைச் சொன்னா இவர் முகம் அப்படியே மலரும். இவருக்கும் எனக்கும் பொது மொழி அரைகுறை இந்தி. அதனாலயோ என்னவோ விளக்கமே கிடையாது. தன் கையுறை ரெண்டையும் கழட்டி சரிவுல தள்ளித் தள்ளிப் போட்டார். மேல ஒண்ணுக்கு இடப்பக்கமா போ, கீழ ஒண்ணுக்கு வலப்பக்கமா போ, அவ்வளவுதான் பாடம். முனையைச் சேத்து வாலை விரிக்கற ஸ்னோப்ளோவுல, எந்தக் காலை எப்படி அழுத்தறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தவரைக்கும் நேராவே போய்க்கிட்டு இருந்தேன். கையுறையைச் சுத்தணும்னு பார்த்ததும் கால் தானா வேலையைச் செஞ்சுது. நான் சுத்த ஆரம்பிச்சதும் அவர் கையுறைகளைக் கொஞ்சம் நெருக்கிப் போடுவார், வட்டம் சின்னதாகும். கையுறை மேல ஏறிட்டா ஏறிட்டேன்னு எனக்கே தெரியும், யாரும் சொல்ல வேண்டாம்.

என் கேள்வி இதுதான். எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை, கொஞ்ச நாள்தான் பனி. மறுபடி போறப்ப முதல் நாள் முழுக்க பழசை மீட்கறதுலயே போயிடுது. நடுவுல என்ன செய்யறது?

துபாய்த் தமிழன்:

தம்பி, என் நிலைமையும் உங்களோடதுதான், ஆனால் இங்கே ஒரு வசதி உண்டு. மால் ஆஃப் தி எமிரேட்ஸுக்குள் 2005 முதல் இயங்கும் ஸ்கீ துபாய். நீளமான ஓட்டம் 400 மீட்டர்தான். மலையில் ஓடியவர்கள் இதென்ன என்று கேட்பார்கள். பயிற்சிக்கு இந்தக் குட்டையான ஓட்டம்தான் நல்லது என்பது என் கருத்து. வானிலை மாறாது, பனி பெரிதாக மாறாது, சரிவும் அதேதான். மாறுவது நீங்கள் மட்டும். அதனால் ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால், அது நீங்கள் செய்த மாற்றத்தால் வந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். பேர்ண் அண்ணா சொன்ன வால் தூக்கும் பயிற்சியை இங்கே மாலை முழுக்கச் செய்யலாம்.

குறை என்னவென்றால், இங்கே மட்டும் பழகிவிட்டு ஜார்ஜியாவில் குடவூரி போனால் ஈரப்பனியும் மேடுபள்ளமும் மேகம் இறங்கி வெளிச்சம் மங்குவதும் புதிதாக இருக்கும். அதற்கு மலைதான் ஆசிரியர்.

கோயம்புத்தூரில் என்றால் சக்கரங்கள் ஒரே வரிசையில் இருக்கும் இன்லைன் ஸ்கேட் வாங்குங்கள். போக்குவரத்து இல்லாத, லேசாகச் சரிந்த தளத்தில், ஹெல்மெட்டும் முழங்கால் காப்பும் போட்டுக்கொண்டு வளைந்து வளைந்து வாருங்கள். வெளிக்காலில் எடை, கண் அடுத்த திருப்பத்தில் என்ற இரண்டும் அப்படியே கைகொடுக்கும். பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நில்லுங்கள், கண்ணாடியைப் பிடிக்காமல்.

பேர்ண் வாசி:

துபாய் நண்பர் சொன்ன ஒற்றைக்கால் பயிற்சியை நானும் வழிமொழிகிறேன். பயணத்தின் முதல் நாள் மீட்பதற்கு இன்னொன்று: பக்கவாட்டு வழுக்கல். சரிவுக்குக் குறுக்காக நின்று, ஸ்கீயைச் சற்றுத் தட்டையாக்கி வழுக்கவிட்டு, சாய்த்து நிறுத்த வேண்டும். நேர்கோட்டில் கீழே போகிறீர்களா, முன்னாலோ பின்னாலோ விலகிப் போகிறீர்களா என்று பாருங்கள். பின்னால் விலகினால் எடை குதிகாலில் இருக்கிறது. இதைச் செய்யத் தெரிந்தவருக்கு மிகக் கடினமான கறுப்புச் சரிவில் மாட்டிக்கொண்டாலும் பத்திரமாக இறங்கி வர ஒரு வழி உண்டு.

கல்கரி ஆசிரியை:

நான் கனடிய ஸ்கீ ஆசிரியர் சங்கத்தின் முதல் நிலைச் சான்றிதழ் எடுத்து, வார இறுதிகளில் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நான் அதிகம் ஓடுவது நகிஸ்காவில், 1988 கல்கரி குளிர்கால ஒலிம்பிக்கின் ஆல்பைன் (மலைச்சரிவில் இறங்கும்) போட்டிகளுக்காக அமைத்த மலை. சொல்லிக்கொடுக்கும் பக்கத்திலிருந்து கொஞ்சம் எழுதுகிறேன்.

கோயம்புத்தூர் தம்பியின் கையுறைப் பாடத்துக்கு ஆய்வுத் துணையே உண்டு. உடல் அசைவுகளைக் கற்பதை ஆராயும் காப்ரியேல் வுல்ஃபும் அவருடைய குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்கீ அசைவைப் பழகும் ஒரு கருவியில் சிலரைத் தங்கள் பாதத்தின் விசையைக் கவனிக்கச் சொன்னார்கள், சிலரைக் காலடியில் இருக்கும் சக்கரங்களின் மேல் விழும் விசையைக் கவனிக்கச் சொன்னார்கள். சக்கரத்தைக் கவனித்தவர்களே நன்றாகக் கற்றார்கள். பாதமும் சக்கரமும் ஒன்றுக்கொன்று எவ்வளவு பக்கம் என்று பாருங்கள், ஆனாலும் அவ்வளவு வேறுபாடு. நான் பிள்ளைகளிடம் "முழங்காலை மடி" என்று சொல்வதை அநேகமாக விட்டுவிட்டேன். "பூட்டின் நாக்கை நசுக்கு" என்கிறேன். வேலை நடக்கிறது.

ஓடிக்கொண்டிருப்பவரைப் பார்த்துக் கத்தாதீர்கள். ஒஸ்லோ அக்காவின் மகள் சொல்லும் அந்த ஒற்றைச் சொல் இருவரும் முன்பே பேசிவைத்த சொல் என்பதால் வேலை செய்கிறது. புதிய திருத்தத்தை, அவர் நின்று, மூச்சு திரும்பி, கண் உங்களைப் பார்க்கும்போது சொல்லுங்கள். முதலில் "எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். பாதி நேரம் அவருக்கே தெரிந்திருக்கும். நீங்கள் பார்த்ததும் அவர் உணர்ந்ததும் வேறாக இருந்தால், அந்த இடத்தில்தான் பாடம் இருக்கிறது.

கணவன் மனைவிக்கோ மனைவி கணவனுக்கோ முதல் பாடம் எடுக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். அன்போடு கூட்டிப் போய் நேராகச் சிவப்புச் சரிவில் நிறுத்தி, "ஒன்றுமில்லை, வா" என்பார்கள். பயந்த காலில் எந்தத் திருத்தமும் ஏறாது. அவருக்குச் சலிக்கிற அளவுக்கு எளிதான சரிவில் புதிய அசைவைப் பழக்குங்கள். அது கைவந்த பிறகு ஒரு படி மேலே போய்ப் பாருங்கள். குலைந்தால் தயங்காமல் கீழ்ச் சரிவுக்குத் திரும்புங்கள்.

தம்பி, அடுத்த முறை குல்மர்க் போகும்போது வாடகை ஸ்கீயின் விளிம்பில் நகத்தைக் குறுக்காக இழுத்துப் பாருங்கள். நகத்தை மெல்லச் சீவினால் கூர் இருக்கிறது, வழுக்கினால் மாற்றித் தரச் சொல்லுங்கள். பூட்டை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கை உங்கள் எடை, உயரம், வயது, பூட் நீளம், ஓடும் திறன் எல்லாம் கேட்டுத்தான் கடையில் அமைக்க வேண்டும், கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். போய்வந்து இங்கே எழுதுங்கள், முடிந்தால் உங்கள் தடத்தின் படம் ஒன்றும் போடுங்கள். எந்தப் பக்கம் வால் வழுக்குகிறது என்று நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்.