மாத்திரை மாற்றி மாற்றிச் சாப்பிட்டும் எரிச்சலும் கசிவும் நிற்கவில்லை. எந்த டெஸ்ட், எங்கே எடுப்பது?

பனியன்சிட்டி:
வணக்கம். வயது 33, திருப்பூர். கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிறது.

ஆர்டர் விஷயமாக வடக்கே போயிருந்தபோது ஒரு பெண்ணுடன் உறவு ஏற்பட்டது. ஆணுறை இல்லை. ஊர் திரும்பி ரெண்டு வாரம் இருக்கும், சிறுநீர் போகும்போது எரிச்சல் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் குறி நுனியில் ஒரு சொட்டு பிசுபிசுப்பு, ஜட்டியில் கறை. சீழ் மாதிரி மஞ்சளாக இல்லை, கஞ்சித் தண்ணி மாதிரி.

மருந்துக் கடையில் செஃபிக்ஸைமும் அஸித்ரோமைசினும் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, பிறகு பழையபடி. அடுத்து ஒரு டாக்டரிடம் போனேன். யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று சிப்ரோஃப்ளாக்சசின் எழுதினார். யூரின் கல்ச்சரில் கிருமி எதுவும் வளரவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. "ஒண்ணும் இல்லப்பா, மனசுதான் காரணம்" என்று அனுப்பிவிட்டார். ஆனால் கறை மனசில் இல்லையே, ஜட்டியில்தானே இருக்கிறது!

மூன்று மாதம் தாண்டி எடுத்த ஹெச்ஐவி டெஸ்ட் நெகட்டிவ். இப்போது மனைவிக்கும் வெள்ளைப்படுதல் இருக்கிறது, அடிவயிறு வலிக்கிறது என்கிறாள். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. எனக்கு என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும், தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் எங்கே போவது என்று யாராவது சொல்லுங்கள்.

தெற்குவீதி:
சூடு நண்பரே, வேறொன்றும் இல்லை. மெஷின் ஹாலில் நாள் முழுக்க உட்கார்ந்தால் வரத்தான் செய்யும். இளநீர், ஊறவைத்த வெந்தயம், வாரம் ரெண்டு எண்ணெய்க் குளியல். சரியாகிவிடும்.

மைக்ரோஸ்கோப்:
தெற்குவீதி அண்ணா, இளநீர் குடித்தால் எரிச்சல் கொஞ்சம் குறையலாம், கிருமி போகாது. உறவுக்குப் பின் ரெண்டு வாரத்தில் கசிவு, இப்போது மனைவிக்கும் தொந்தரவு. இதைச் சூடு என்று விடக்கூடாது.

பனியன்சிட்டி, நான் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். யூரின் கல்ச்சரில் ஒன்றும் வராததில் ஆச்சரியம் இல்லை. நாங்கள் வளர்ப்பது ஈ.கோலி மாதிரி சாதாரண யூரின் கிருமிகளை. கிளமிடியா என்ற பால்வினைக் கிருமி உயிருள்ள செல்லுக்குள்தான் பெருகும், எங்கள் தட்டில் முளைக்காது. மைக்கோபிளாஸ்மா ஜெனிடாலியம் என்று ஒன்று இருக்கிறது, தனி ஏற்பாட்டோடு வளர்த்தாலும் வாரக்கணக்கில் ஆகும். இதெல்லாம் பிசிஆர், அதாவது கிருமியின் மரபணுவைத் தேடும் டெஸ்ட், செய்தால்தான் பிடிபடும்.

மாதிரி எடுப்பதும் வேறு. கல்ச்சருக்கு நடுவில் வரும் சிறுநீரைக் கேட்போம். பிசிஆருக்கு நேர் எதிர், ஆரம்பத்தில் வரும் முதல் 20-30 மில்லிதான் வேண்டும். கிருமி சிறுநீர்ப் பாதையின் சுவரில் இருக்கிறது, முதலில் வருவதுதான் அதைக் கழுவிக்கொண்டு வரும். டெஸ்டுக்கு முன் குறைந்தது ஒரு மணி நேரம் சிறுநீர் போயிருக்கக் கூடாது. கப் நிறையப் பிடித்துக் கொடுத்தால் நீர்த்துப்போய் தப்பாக நெகட்டிவ் வரலாம். டப்பா கொடுக்கும் பலர் இதைச் சொல்வதே இல்லை.

கடைசி மாத்திரை எப்போது சாப்பிட்டீர்கள்?

பனியன்சிட்டி:
அண்ணா நன்றி. சாப்பிட்டு முடித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. 'நடுவில் பிடிங்க' என்றுதான் அன்றைக்குச் சொன்னார்கள்.

மைக்ரோஸ்கோப்:
அப்படியானால் இப்போது எடுக்கலாம். மாத்திரை முடித்த கையோடு எடுத்தால் செத்த கிருமியின் மிச்சத்தைக் கூட பிசிஆர் பாசிட்டிவ் என்று காட்டிவிடும்.

ஓபி_டாக்டர்:
நான் ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் பால்வினை நோய்ப் பிரிவில் இருக்கிறேன். நேரில் பார்க்காமல் மருந்து எழுத மாட்டேன். ஆனால் மருந்து சாப்பிட்டும் ஏன் போகவில்லை என்று எப்படி யோசிப்போம் என்பதைச் சொல்கிறேன்.

முதல் சந்தேகம் எப்போதும் மறுபடி தொற்றியதா என்பதுதான். நீங்கள் மாத்திரை சாப்பிட்டீர்கள், மனைவி சாப்பிடவில்லை. நடுவில் உறவு தொடர்ந்திருக்கும். இப்படி இருந்தால் உலகத்தில் உள்ள நல்ல மருந்தெல்லாம் கொடுத்தாலும் நிற்காது. ரெண்டு பேரும் ஒரே சமயத்தில் சிகிச்சை எடுத்து, முடித்து ஒரு வாரம் வரை உறவு கூடாது.

அடுத்தது, கிருமிக்கு அந்த மருந்து வேலை செய்யுமா என்பது. நீங்கள் முதலில் சாப்பிட்ட ஜோடி, அரசு மருத்துவமனைகளில் ஆண்களின் சிறுநீர்ப் பாதைக் கசிவுக்குச் சாம்பல் நிறப் பெட்டியில் கொடுத்துவந்த அதே ஜோடிதான்: அஸித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்ஸைம் 400 மில்லிகிராம். கொனோரியா (வெட்டை நோய்க் கிருமி), கிளமிடியா ரெண்டையும் குறி வைத்தது. மைக்கோபிளாஸ்மா ஜெனிடாலியத்துக்குச் செல் சுவரே கிடையாது. செஃபிக்ஸைம் சுவரைத் தாக்கும் மருந்து, இதை ஒன்றும் செய்யாது. அஸித்ரோமைசினை ஒரே வேளையாகக் கொடுத்தால் கொஞ்சம் அடங்கி, அந்த மருந்துக்கு மசியாத எதிர்ப்போடு திரும்பி வருவது இந்தக் கிருமியின் வழக்கம். 'கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, பிறகு பழையபடி' என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அதுதான் தோன்றியது. சிப்ரோஃப்ளாக்சசினும் இதற்குச் சரிப்படாது. கொனோரியாவாக இருந்தாலும் நம் நாட்டில் சிப்ரோவை நம்பிக் கொடுக்கும் காலம் எப்போதோ போய்விட்டது.

டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியும் பட்டியலில் உண்டு. ஆண்களிடம் பெரும்பாலும் சத்தமில்லாமல் இருக்கும், பெண்களுக்கு வெள்ளைப்படுதலாக வெளிப்படும். அதற்கு மெட்ரோனிடசோல் வகை மருந்து வேண்டும், மேலே சொன்ன எதுவும் உதவாது.

ஆகவே கேட்க வேண்டியது: கசிவை எடுத்து கிராம் ஸ்டெயின் (சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது, சில நிமிடத்தில் சீழ் செல்லும் கொனோரியாவும் தெரியும்), கொனோரியா, கிளமிடியா, டிரைக்கோமோனாஸ், மைக்கோபிளாஸ்மா ஜெனிடாலியம் நான்குக்கும் பிசிஆர், கூடவே சிபிலிஸுக்கு விடிஆர்எல், டிபிஹெச்ஏ என்ற ரத்த டெஸ்டுகள், ஹெபடைடிஸ் பி டெஸ்ட். எல்லா அரசு மருத்துவமனையிலும் பிசிஆர் கிடைக்காது. தனியார் ஆய்வகத்தில் எடுத்தால் தொகுப்பாகச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். யூரியாபிளாஸ்மா என்ற கிருமியின் பெயர் ரிப்போர்ட்டில் வந்தால் பயப்படாதீர்கள். ஒரு தொந்தரவும் இல்லாதவர்களிடமும் அது இருக்கும். அதற்கு மருந்து சாப்பிட்டு அலுத்துப்போனவர்கள் ஓ.பி.யில் நிறைய.

மனைவிக்கு அடிவயிற்று வலியோடு காய்ச்சல் வந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். தொற்று கருக்குழாய் வரை ஏறியிருக்கலாம்.

மூலிகை_48:
மேக வெட்டை, நீர்க்கடுப்பு, நரம்புத் தளர்ச்சி அனைத்துக்கும் 48 நாளில் நிரந்தரத் தீர்வு. ரகசியம் காக்கப்படும். தனிச் செய்தியில் வரவும்.

மட்டுறுத்துநர்:
விளம்பரம் செய்பவர் தடுக்கப்பட்டார். பதிவை மட்டும் விட்டுவைக்கிறேன், இப்படித்தான் வலை வீசுவார்கள் என்று நாலு பேருக்குத் தெரியட்டும்.

பனியன்சிட்டி:
டாக்டர், கோடி நன்றி. கேட்கவே கூச்சமாக இருக்கிறது, கேட்டுவிடுகிறேன். மனைவிக்குச் சொல்லாமல், சத்து மாத்திரை என்று சொல்லி இந்த மருந்தைக் கொடுத்துவிட முடியாதா? விஷயம் தெரிந்தால் வீடு உடைந்துவிடும்.

கவுன்சிலர்_அக்கா:
தம்பி, கூடவே கூடாது. அவருக்கு எந்த மருந்து ஒவ்வாது என்று உங்களுக்குத் தெரியுமா? கரு தங்கியிருந்தால்? இந்த மாதிரித் தொற்றுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் கர்ப்பத்தில் கொடுக்கிற மருந்தா? இரும்புச் சத்து மாத்திரையோடும் பாலோடும் சேர்த்துச் சாப்பிட்டால் அது உடம்பில் சரியாகச் சேராது. எதற்கென்றே தெரியாமல் சாப்பிடுகிறவர் ரெண்டாம் நாள் வயிறு புரட்டினால் நிறுத்திவிடுவார். அப்புறம் கிருமி அவரிடமே இருக்கும், அவருடைய உடம்புக்குத்தான் நஷ்டம். தெரிந்துகொள்ளும் உரிமையும் அவருக்கு இருக்கிறது, அதை நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான் பல வருடம் நம்பிக்கை மையத்தில் இருந்தேன். நம்பிக்கை மையத்தில் ஹெச்ஐவி டெஸ்ட் இலவசம், பால்வினை நோய்க்கு சுரக்‌ஷா கிளினிக், சுக வாழ்வு மையம் என்ற பெயரில் பார்ப்பார்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் ரெண்டும் உண்டு, ஆலோசனை சொல்லும் கவுன்சிலரும் இருப்பார். 1097-க்கு அழைத்தால் பக்கத்து மையம் எது என்று சொல்வார்கள், கட்டணம் இல்லை. ஊருக்குள் பார்த்துவிடுவார்கள் என்று பயமாக இருந்தால் கோவைக்குப் போங்கள், அங்கே கூட்டத்தில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஹெச்ஐவி விஷயத்தில் ரகசியம் காப்பது 2017 சட்டப்படியே கடமை.

வீட்டில் எப்படிச் சொல்வது என்றுதானே பயம்? சமையலறையில் நின்று சொல்லாதீர்கள், குழந்தை தூங்கும்போது கிசுகிசுத்தும் சொல்லாதீர்கள். 'எனக்கு ஒரு தொற்று இருக்கிறது, உனக்கும் வந்திருக்கலாம், ரெண்டு பேரும் பார்க்க வேண்டும்' என்று முதலில் அதை மட்டும் சொல்லி அழைத்து வாருங்கள். எப்படி வந்தது என்று அவர் கேட்பார். பொய் சொல்லாதீர்கள், பப்ளிக் டாய்லெட் கதை வேண்டாம். மீதியைக் கவுன்சிலர் முன்னால் பேசலாம். அழுவார், திட்டுவார், அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்பார். அப்படி வந்த பெண்களில் பலரும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி 'என் உடம்புக்கு என்ன ஆகும்' என்பதுதான். அதற்குப் பதில் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பனியன்சிட்டி (சில வாரம் கழித்து):
அப்டேட். கோவையில் காட்டினேன். கிராம் ஸ்டெயினில் சீழ் செல் நிறைய, கொனோரியா இல்லை. அங்கிருந்த டாக்டர் டாக்ஸிசைக்ளினை ஆரம்பித்துவிட்டு பிசிஆருக்குத் தனியாக அனுப்பச் சொன்னார். மைக்ரோஸ்கோப் அண்ணா சொன்னபடி முதல் சிறுநீர் கொடுத்தேன். கிளமிடியா இல்லை. மைக்கோபிளாஸ்மா ஜெனிடாலியம் பாசிட்டிவ், அஸித்ரோமைசினுக்கு எதிர்ப்பு உண்டு என்றும் போட்டிருந்தது. டாக்ஸி முடிந்ததும் மாக்சிஃப்ளாக்சசின் தினம் 400 மில்லிகிராம், ஒரு வாரம். மனைவியிடம் சொல்லிவிட்டேன். அதைப் பற்றி இங்கே எழுதவில்லை. அவளுக்கும் சாம்பிள் கொடுத்தாயிற்று, ரிப்போர்ட் வரவேண்டும்.

கசிவு நின்றுவிட்டது. ஆனால் நுனியில் லேசாகக் குறுகுறுப்பு இருக்கிறது. மறுபடி டெஸ்ட் எடுக்கட்டுமா?

ஓபி_டாக்டர்:
நல்லது. உடனே எடுக்காதீர்கள். மாக்சிஃப்ளாக்சசின் முடித்து மூன்று வாரமாவது போகட்டும், அதற்கு முன் வரும் பாசிட்டிவை நம்ப முடியாது. அதுவரை, மனைவியின் ரிப்போர்ட் வந்து அவருக்கும் தேவையான சிகிச்சை முடியும்வரை, உறவு வேண்டாம். குறுகுறுப்பு சில வாரம் இருக்கும், புண்பட்ட தோல் ஆறும் நேரம் அது. கசிவு வருகிறதா என்று தினமும் பிதுக்கிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், பிதுக்குவதாலேயே எரியும், கசியவும் செய்யும். பிசிஆர் நெகட்டிவ் வந்தும் இடுப்படியில் வலி தொடர்ந்தால் அது புராஸ்டேட் அல்லது தசை சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், அதற்கு இன்னொரு ஆன்டிபயாடிக் பதில் இல்லை.

படிக்கும் மற்றவர்களுக்கு: மாக்சிஃப்ளாக்சசினைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். காசநோய்க்கும் வைத்திருக்கும் மருந்து அது. கண்டுபிடிக்காத காசநோய் இருந்தால் மறைத்துவிடும். குதிகால் தசைநாரில் வலி, நெஞ்சுப் படபடப்பு வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மஸ்கட்_ரிட்டர்ன்:
இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு சிபிலிஸ் ஊசி போட்டு முடித்தாயிற்று. விடிஆர்எல் 1:32-இலிருந்து 1:4 ஆகி, அங்கேயே நிற்கிறது. டிபிஹெச்ஏ பாசிட்டிவ். கல்ஃப் மெடிக்கலில் அன்ஃபிட் போட்டுவிட்டார்கள். கிருமி இன்னும் இருக்கிறதா? மறுபடி ஊசி போடணுமா?

ஓபி_டாக்டர்:
ரத்தத்தை எத்தனை மடங்கு நீர்த்தாலும் டெஸ்ட் பாசிட்டிவ் வருகிறது என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது. 1:32 என்பது 1:4 ஆனால் எட்டு மடங்கு இறக்கம். நான்கு மடங்கு இறங்கினாலே சிகிச்சை பலித்தது என்று கொள்வோம். சிலருக்குக் குறைந்த அளவிலேயே நின்றுவிடும். டிபிஹெச்ஏ பெரும்பாலானோருக்கு ஆயுள் முழுக்கப் பாசிட்டிவாகவே இருக்கும், அதை வைத்து நோய் இருக்கிறது என்று சொல்ல முடியாது. 1:4 மறுபடி 1:16-க்கு ஏறினாலோ, புதிதாகப் புண், தடிப்பு, பார்வை அல்லது காது தொந்தரவு வந்தாலோ உடனே வாருங்கள். ஊசி போட்ட தேதிகளும் எல்லா விடிஆர்எல் அளவுகளும் போட்ட சிகிச்சைச் சான்றிதழ் ஒன்றை, சிகிச்சை கொடுத்த மருத்துவமனையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மெடிக்கல் சென்டர் ஏற்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன், ஆனால் அது இல்லாமல் பேசவே முடியாது. ஹெச்ஐவி டெஸ்ட் எடுத்தீர்களா? அதை நீங்கள் எழுதவில்லை.

மஸ்கட்_ரிட்டர்ன்:
எடுத்தேன் டாக்டர், நெகட்டிவ். சான்றிதழுக்குத் திங்கட்கிழமை போகிறேன்.